ஏறுவதை முதலில் நிறுத்துங்கள்: குறைத்த எடை திரும்ப ஏறியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வருடம் பாடுபட்டு 92 கிலோவிலிருந்து 79-க்கு இறங்கியவர், அடுத்த எட்டு மாதத்தில் 85-ஐத் தொட்டுவிட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: எடை மெஷின் கட்டிலுக்கு அடியில் போய்விடும், காலை நடை நின்றுவிடும், "சித்திரைத் திருவிழா முடியட்டும்", "ஆடி போகட்டும்", "தை பிறக்கட்டும்" என்று நாள் தள்ளிக்கொண்டே போகும். அந்த இடத்தில் நிற்கும் மதுரைக்காரர்களுக்காக எழுதியது இது. என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். விட்டுப்போனது மனசு.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: முதல் இரண்டு வாரம் எடையைக் குறைக்க முயல வேண்டாம். ஏறுவதை நிறுத்துவது மட்டும்தான் வேலை. ஊக்கம் வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தால் அது வருவதில்லை. சின்னதாக ஒன்றைச் செய்து, "நடந்துவிட்டது" என்று கண்ணால் பார்த்தபிறகுதான் வரும். அதனால் சோர்ந்துபோன நாளிலும் செய்து முடிக்கக்கூடிய அளவில் தொடங்க வேண்டும்.

படி 1: உண்மையில் எவ்வளவு ஏறியிருக்கிறது?

அழகர்கோவிலில் கிடா வெட்டிக் கறி விருந்து சாப்பிட்டு வந்த மறுநாள் மெஷினில் ஏறினால் 2 கிலோ கூடியிருக்கும். அது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர ஏறக்குறைய 7,700 கலோரி உபரியாக வேண்டும். 2 கிலோவுக்கு 15,400. ஒரு விருந்தில் யாரும் அவ்வளவு சாப்பிட முடியாது. கூடியது பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலும் தசையும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. குழம்பிலும் ஊறுகாயிலும் போன உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரை நிறுத்திவைக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் அது வடிந்துவிடும். மறுநாள் காலையில் மெஷினைப் பார்த்து "எல்லாம் போச்சு" என்று கைவிட்டவர்கள் ஏராளம். அவர்களுக்குப் போனது ஒன்றுமே இல்லை.

சரியாக அளக்கும் முறை: காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒரே மாதிரி உடையில் ஏற வேண்டும். மெஷின் டைல்ஸ் தரையில் இருக்க வேண்டும். பாய், மிதியடி மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். மெஷின் மேலேயே சந்தேகம் இருந்தால், முதலில் தனியாக ஏறுங்கள், அடுத்து பிரிக்காத 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 10 கிலோ வராவிட்டால் பாட்டரியை மாற்றுங்கள். ஏழு நாள் தொடர்ந்து எழுதி, கூட்டி, ஏழால் வகுத்தால் வருவதுதான் உங்கள் எடை. தனி ஒரு நாளின் எண்ணுக்கு மதிப்பு கிடையாது. பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் 1 முதல் 2 கிலோ வரை நீர் ஏறுவது சகஜம். அவர்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

கூடவே இடுப்பளவும் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டு, டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

இப்போது மூன்று எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்: ஆரம்பித்தபோது இருந்த எடை, இறங்கிய எடைகளிலேயே குறைந்தது, இன்றைய சராசரி. 92, 79, 85. "6 கிலோ ஏறிவிட்டது" என்பது உண்மைதான். "இன்னும் 7 கிலோ குறைவாகவே இருக்கிறேன்" என்பதும் அதே அளவு உண்மை. ஆரம்ப எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் பலன் தெரியும். 92-க்கு அது 4.6 கிலோ. அந்தப் பலனைத் தரும் அளவைவிட அதிகமாகவே இவர் கையில் இன்னும் இருக்கிறது.

படி 2: ஏன் ஏறியது என்பதில் உடம்பின் பங்கு

"எனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை" என்ற முடிவுக்கு வருவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எடை குறைந்தபின் கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் குறைகிறது. வயிற்றிலிருந்து வரும் கிரெலின் கூடுகிறது. முதலாவது "போதும்" என்று மூளைக்குச் சொல்வது, இரண்டாவது "பசிக்கிறது" என்று சொல்வது. மெல்போர்னில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வாரக் கடும் உணவுமுறையில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் கூடுதலாகவே இருந்தது. அத்தோடு, 79 கிலோ உடம்பு 92 கிலோ உடம்பைவிடத் தினமும் ஏறக்குறைய 150 முதல் 250 கலோரி குறைவாகவே செலவழிக்கும். ஆக, பசி கூடியிருக்கிறது, தேவை குறைந்திருக்கிறது. பழைய அளவுக்குச் சாப்பாடு திரும்பினால் எடையும் திரும்பும்.

இதைத் தெரிந்துகொள்வதால் பசி குறையாது. குற்ற உணர்ச்சி குறையும். குற்ற உணர்ச்சிதான் ஒரு பரோட்டாவை நாலு பரோட்டா ஆக்குகிறது: "ஏற்கெனவே கெட்டுப்போச்சு, இன்னிக்கு முழுக்கச் சாப்பிட்டுட்டு நாளைக்குப் பார்த்துக்கலாம்."

படி 3: எந்த வாரத்தில் சறுக்கியது?

காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு எழுதுங்கள். நடை எந்த மாதம் நின்றது? அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது? கால் சுளுக்கோ, குதிகால் வலியோ, சிக்குன்குனியாவுக்குப் பிந்தைய மூட்டு வலியோ வந்து நடை நின்றிருக்கலாம். காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா என்று தொடர்ந்து ஆறு ஞாயிற்றுக்கிழமை பந்தி கிடைத்திருக்கலாம். மாட்டுத்தாவணி மார்க்கெட் போல இரவு வேலைக்கு மாறியிருக்கலாம். தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பதும் நன்கு தெரிந்த விஷயம்.

மருந்தையும் பாருங்கள். சர்க்கரைக்கு எடுக்கும் இன்சுலின், கிளிமிபிரைடு, தொடர்ந்து எடுக்கும் ஸ்டீராய்டு, வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநலத்துக்கான ஒலான்சபின், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை எடையை ஏற்றக்கூடியவை. புதிய மாத்திரை தொடங்கிய மாதமும் எடை ஏறத் தொடங்கிய மாதமும் ஒன்றாக இருந்தால், சீட்டோடு மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை சேர்ந்து இருந்தால் தைராய்டுக்கு டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

ஆனால் நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம் வேறு. முதல்முறை பின்பற்றிய திட்டமே ஆயுசுக்கும் தாங்காத திட்டம். சோற்றை அடியோடு விட்டது, இரவில் வெறும் வெள்ளரிக்காய், தினமும் ஒன்றரை மணி நேர நடை. எட்டு மாதம் ஓடும், ஒன்பதாவது மாதம் நிற்கும். அப்படி நின்றிருந்தால் அதே திட்டத்தை "இந்தத் தடவை இன்னும் உறுதியாக" மறுபடி எடுக்காதீர்கள். உடைந்தது திட்டம், உங்கள் உறுதியைக் கூட்டுவதால் அது தாங்காது.

படி 4: முதல் இரண்டு வாரம், மூன்றே வேலை

ஒன்று, காலை உணவில் புரதம். நாலு இட்லியில் ஒன்றைக் குறைத்து, இரண்டு அவித்த முட்டை சேருங்கள். 12 கிராம் புரதம் கிடைக்கும். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலோ பாசிப்பயறோ வைத்துக்கொள்ளலாம். பசி பதினொரு மணிக்கு வராமல் ஒரு மணிக்குத் தள்ளிப்போவதை முதல் வாரத்திலேயே பலர் உணர்வார்கள்.

இரண்டு, இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு 10 நிமிட நடை. தெருமுனைவரை போய்த் திரும்பினாலும் போதும்.

மூன்று, எழுதுவது. கலோரி எண்ண வேண்டாம். சாப்பிட்ட நேரமும் பொருளும் மட்டும்: "4.30, டீ, வடை 2". ரேஷன் கடைப் பை மாட்டியிருக்கும் ஆணியிலேயே ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டால் மறக்காது.

முடியாத நாளுக்கு ஒரு குறைந்தபட்ச அளவை இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்: ஒரு முட்டை, 3 நிமிட நடை, ஒரு வரி. இது ஏமாற்று வேலை ஆகாது. பழக்கம் அறுந்துபோகாமல் காப்பது இதுதான். லண்டனில் 96 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வில், ஒரு செயல் பழக்கமாக நடு அளவாக (பாதிப் பேருக்கு அதற்குக் குறைவு, மீதிப் பேருக்கு அதிகம்) 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் கெடுக்கவில்லை. "21 நாளில் பழகிவிடும்" என்று நம்பி, 22-ஆம் நாள் கஷ்டமாக இருந்ததால் விட்டவர்களுக்கு இந்த எண்கள் உதவும்.

இரண்டு வாரம் முடிவில் சராசரி எடை ஏறாமல் நின்றிருந்தால் அதுவே வெற்றி. பலருக்கு அரை கிலோ, ஒரு கிலோ குறைந்தும் இருக்கும். அதற்காக மூன்றாவது வாரமே எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கும் ஆசை வரும். அதை அடக்குவதுதான் இந்தக் கட்டத்தின் கடினமான பகுதி.

படி 5: மதுரைச் சாப்பாட்டோடு ஒத்துப்போவது

நள்ளிரவிலும் கடை திறந்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு "வெளியே சாப்பிடவே மாட்டேன்" என்று சபதம் எடுப்பது நீடிக்காது. எதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு பரோட்டாவுக்கு 60 கிராம் மைதா, 10 மில்லி எண்ணெய் என்று வைத்தாலே 300 கலோரி. மூன்று சாப்பிட்டால் 900, சால்னாவில் மிதக்கும் எண்ணெய் தனி. அரை மணி நேர நடையில் செலவாவது ஏறக்குறைய 120 கலோரி. பாதி பரோட்டாவுக்கும் குறைவு. அதனால் "சாப்பிட்டுவிட்டு நடந்து கரைத்துக்கொள்ளலாம்" என்ற கணக்கு ஒருபோதும் வராது. செய்யக்கூடியது: வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று இரண்டு பரோட்டா, கூடவே ஒரு ஆம்லெட் அல்லது சுக்கா. சால்னாவை மேலே ஊற்றச் சொல்லாமல் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுச் சாப்பிடுங்கள். ஊறவிட்டால் இரண்டு மூன்றாகும். பன் பரோட்டாவும் கொத்துப் பரோட்டாவும் இந்த மாதங்களுக்கு வேண்டாம்; எண்ணெய் எவ்வளவு போகிறது என்று கண்ணுக்கே தெரியாது.

கறி தோசையில் முட்டையும் கறியும் இருப்பதால் ஒன்று சாப்பிட்டால் வயிறு நிறையும். இரண்டாவதை மட்டும் கேட்காதீர்கள். ஜிகர்தண்டாவில் சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் மூன்றும் சேர்வதால் அது பானக் கணக்கில் வராது, ஒரு சிற்றுண்டிக் கணக்கில் வரும். சின்ன டம்ளரை இருவராகப் பகிர்ந்துகொண்டு, அன்று மாலை வடையை விட்டுவிடலாம். மெஸ்ஸில் முழுச் சாப்பாட்டுக்குப் பதில் அளவு சாப்பாடு சொல்லுங்கள். கூட்டும் பொரியலும் இன்னொரு கரண்டி கேட்டால் முகம் சுளிக்காத மெஸ்கள் நம் ஊரில் நிறைய உண்டு.

வீட்டில் எண்ணெயை அளக்க எளிய வழி: புது பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் தேதியை அதன்மேல் எழுதுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 1 லிட்டர் 12 நாளாவது வர வேண்டும். அப்போது ஆளுக்குத் தினமும் 20 மில்லி சொச்சம் ஆகிறது. ஆறே நாளில் தீர்ந்தால் சோற்றைக் குறைத்துப் பயனில்லை.

படி 6: நடையும் தசையும்

பங்குனியிலிருந்து ஆனிவரை காலை 6.30-க்கு முன், இல்லையென்றால் மாலை 6.30-க்குப் பின். வண்டியூர் தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். தூரத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. ஊருக்குள் இருப்பவர்களுக்குக் கோயிலைச் சுற்றி வண்டி ஓடாத சித்திரை வீதிகள் இருக்கின்றன. முன்பு ஒரு மணி நேரம் நடந்தவர்கள் அதே ஒரு மணி நேரத்தில் மறுபடி ஆரம்பித்தால் குதிகாலும் முழங்காலும் முதலில் மறுக்கும். 15 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள்.

நடை மட்டும் போதாது. எடை குறையும்போது தசையும் சேர்ந்து குறைகிறது. திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாக ஏறுகிறது. வாரத்தில் மூன்று நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை, சுவரில் கைவைத்துத் தண்டால் 10 தடவை, 5 கிலோ அரிசிப் பையை இடுப்பிலிருந்து மார்புவரை தூக்குவது 10 தடவை. இரண்டு சுற்று. பத்து நிமிட வேலைதான்.

படி 7: மூன்றாவது வாரத்திலிருந்து குறைப்பது

தினமும் 400 கலோரி அளவு குறைத்தால் போதும். இரண்டு டீயின் சர்க்கரை 80, ஒரு மெது வடை 120, எண்ணெயில் 10 மில்லி 90, சோற்றில் 75 கிராம் 100. மொத்தம் 390. முப்பது நாளில் 11,700 கலோரி, அதாவது ஒன்றரை கிலோ. 85-லிருந்து 79-க்கு நாலு முதல் ஆறு மாதம். முதல்முறை ஆரம்பத்தில் மாதம் மூன்று கிலோ இறங்கியதோடு இதை ஒப்பிடாதீர்கள். அன்று இருந்த உடம்பு வேறு, இறங்கியதில் தண்ணீரும் நிறைய.

இடையில் மூன்று வாரம் எடை அசையாமல் நிற்கும். அப்போது பார்க்க வேறு அளவுகள் வேண்டும்: இடுப்பு, பேண்ட் பட்டன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.பி.ஏ.1.சி. (கடந்த சில மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை). எங்களுக்குப் பிடித்த அளவு ஒன்று உண்டு. கீழக்குயில்குடி சமணர் மலையில் பேச்சிப்பள்ளம்வரை மாதம் ஒருமுறை ஏறி, எத்தனை இடத்தில் மூச்சு வாங்க நின்றோம் என்று குறித்துக்கொள்வது. மெஷின் சொல்லாத முன்னேற்றத்தை அந்தப் படிகள் சொல்லும்.

படி 8: வீட்டாரும் பந்தியும்

"ஏம்ப்பா இப்படி இளைச்சுப்போயிட்ட, சர்க்கரையா?" என்று முதல்முறை கேட்டவர்களே இப்போது "பழையபடி ஆயிட்டியே" என்பார்கள். இரண்டுக்கும் விளக்கம் சொல்லப் போனால் வாக்குவாதம்தான். "ஆமா அத்தே, இப்பதான் மறுபடி நடக்க ஆரம்பிச்சிருக்கேன்" என்று ஒரே வரியில் முடியுங்கள். பரிமாறுபவர் இலை பக்கம் குனியும்போது வெறுமனே "வேணாம்" என்றால் விடமாட்டார். "சோறு போதும்ண்ணே, அந்தக் கூட்டு கொஞ்சம் வைங்க" என்று இன்னொன்றைக் கேட்டால் அவருக்கும் திருப்தி. மொய் எழுதிவிட்டு முதல் பந்தியில் பசியோடு உட்காராமல், வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒரு டம்ளர் மோரும் கைப்பிடிச் சுண்டலும் சாப்பிட்டுப் போங்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். நீர்மோரை எவ்வளவு வேண்டுமானாலும் குடியுங்கள், பானகத்தை ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். மண்டகப்படியில் கொடுக்கும் பொங்கலையும் புளியோதரையையும் வாங்கிச் சாப்பிடுங்கள். அதை ஒரு வேளைச் சாப்பாடாகக் கணக்கு வைத்து, வீட்டுக்கு வந்து மறுபடி சோற்றில் உட்காராமல் இருந்தால் சரி.

மீறிவிட்டால் ஒரே விதி: அடுத்த வேளை வழக்கமான வேளை. பட்டினி கிடந்து ஈடுகட்டக் கூடாது. மதியம் பட்டினி கிடந்தவர்தான் இரவு கடைக்குப் போய் உட்காருவார். இதை முன்கூட்டியே "இப்படி நடந்தால், இப்படிச் செய்வேன்" என்று எழுதிவைப்பது நல்ல பலன் தரும்: "ராத்திரி பத்து மணிக்கு மேல் பசித்தால், ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுப்பேன், அப்போதும் பசித்தால் இரண்டு இட்லி."

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே மருந்தளவைக் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நடையின் நடுவே கை நடுங்கி, வியர்த்து, லோ சுகர் ஆகிவிடும். பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வந்தால் அன்றே காட்ட வேண்டும். நிறுத்த முடியாமல் ஒளித்துச் சாப்பிடுவது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டம் இல்லாமல் இருப்பது ஆகியவற்றுக்கு மனநல மருத்துவர் தேவை. ராஜாஜி அரசு மருத்துவமனையில் அதற்கான பிரிவு உண்டு. பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) மிக அதிகமாக இருந்து பலமுறை ஏறி இறங்கியவர்கள், எடை குறைப்பு மருந்தும் அறுவை சிகிச்சையும் தங்களுக்குப் பொருந்துமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

79-ஐ மறுபடி தொட்டபிறகு

81 என்ற எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி மெஷினிலேயே ஒட்டுங்கள். வாரச் சராசரி அதைத் தாண்டினால், காரணம் தேடுவதற்கு முன்பே, அடுத்த நாள் காலையிலிருந்து படி 4-இன் மூன்று வேலைகளுக்குத் திரும்ப வேண்டும். 2 கிலோவில் பிடித்தால் ஒன்றரை மாதத்தில் சரிசெய்யலாம். 6 கிலோவில் பிடித்தால் அரை வருடம் ஆகும். வாரத்தில் மூன்று நாளாவது எடை பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள். வெளியூர் போய் ஒரு வாரம் தங்கினால், திரும்பி வந்த நான்காவது நாளிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.